கல்யாணப் பரிசு தியாகப் படமா?

அன்புள்ள பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பத்தமடையிலிருந்து டீச்சர் எழுதுவது. பதிவு நீளமாகத்தான் இருக்கும். வகுப்பிலேயே மணி அடித்தபிறகும் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

"கல்யாணப் பரிசு" படத்தைத் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்வதை நம் ஆட்கள் நிறுத்தவேண்டும். அந்தப் படம் தியாகத்தைப் புகழவில்லை. கேட்காமல் செய்த தியாகம் ஒரு வீட்டையே என்ன பாடு படுத்தும் என்றுதான் காட்டுகிறது. பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டுக் கதையை மறந்துபோனதால் வந்த வினை இது.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றால், நம் உறவில் ஒரு வீட்டில் போன வருஷம் மூத்த பெண் தவறிப்போனாள். இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது. தங்கச்சிக்கு இருபத்துமூன்று வயது, பி.எட். முடித்து வேலைக்குப் போகிறாள். அத்தானுக்கே அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். (யார் வீடு என்று கேட்டு எனக்குப் போன் பண்ணவேண்டாம். தெரிந்தவர்கள் தெரியாதமாதிரியே இருங்கள்.) இதைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், கல்யாணப் பரிசு சரோஜாதேவி மாதிரி மனசு வேண்டும் என்று ஒரு வரி போட்டார். அதற்கு வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்தப் பிள்ளையும் அதே குரூப்பில்தான் இருக்கிறாள். ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்தாள்.

நான் கணக்கு டீச்சர். சினிமா விமர்சனம் எனக்குப் பாடமில்லை. ஆனாலும் இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ண முடியாது. 1959 ஏப்ரலில் படம் வந்தபோது நான் கைக்குழந்தை. பிறகு டூரிங் டாக்கீஸில் மண் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். தூர்தர்ஷனில் பார்த்தேன். இப்போது பேத்தியின் போனில் பார்க்கிறேன். போன வருஷம், 2025 ஜூலையில், சரோஜாதேவி மறைந்தபோது இன்னொரு தடவை முழுசாகப் பார்த்தேன்.

கதையை ஞாபகப்படுத்துகிறேன். கீதா அக்கா, வசந்தி தங்கச்சி. அக்காவாக விஜயகுமாரி, தங்கச்சியாக சரோஜாதேவி. தையல் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள் அக்கா. கல்லூரியில் கூடப் படித்த பாஸ்கருக்கும் வசந்திக்கும் காதல். பாஸ்கர் ஜெமினி கணேசன். அவன் இவர்கள் வீட்டு மாடிக்கே குடிவருகிறான். உடம்பு முடியாமல் கிடக்கிறபோது அக்கா பணிவிடை செய்கிறாள், அவளுக்கும் அவன்மேல் மனசு போய்விடுகிறது. அதைத் தங்கச்சியிடமே சொல்கிறாள். வசந்தி தன் கதையை வாயைத் திறந்து சொல்லவில்லை. பாஸ்கரை வற்புறுத்தி அக்காவுக்குக் கட்டிவைக்கிறாள். அப்புறம் அம்மா இறந்துபோக, போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுக்கே வந்து சேர்கிறாள். ஒரே கூரையின்கீழ் மூன்று பேர். அக்காவுக்குச் சந்தேகம் வருகிறது. தங்கச்சி வீட்டை விட்டுப் போகிறாள். அக்கா ஒரு குழந்தையை விட்டுவிட்டு நோயில் சாகிறாள். பாஸ்கர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வசந்தியைத் தேடி அலைகிறான். கண்டுபிடிக்கும்போது அவளுக்கும் ரகுவுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. ரகுவாக நாகேஸ்வரராவ். குழந்தையை அவள் கையில் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு பாஸ்கர் போய்விடுகிறான்.

இதில் யார் நன்றாக இருந்தார்கள், சொல்லுங்கள். யாருக்காகத் தியாகம் செய்தாளோ அந்த அக்காதான் முதலில் செத்தாள். அதுவும் சந்தேகப்பட்டு, மனசு வெந்து. தன் புருஷன் ஏன் தன்னிடம் ஒட்டவில்லை என்று தெரியாமலே குடித்தனம் நடத்தினாள். தங்கச்சி ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் கீதா ஒருநாள் அழுதிருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை நிறுத்தியவளுக்கு அதைத் தாங்கத் தெரியாதா? தாங்கமாட்டாள் என்று இவளாகவே முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவில் பாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அக்காவைச் சின்னப்பிள்ளையாக நினைத்ததும் அதே முடிவுதான்.

பாஸ்கரையும் விடக்கூடாது. காதலி சொன்னாள் என்று ஒரு பெண் கழுத்தில் தாலி கட்டியவன், கட்டியபிறகாவது அவளோடு வாழ்ந்தானா? கடைசியில் குழந்தையையும் ஒரு பெண் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறான். டூரிங் டாக்கீஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி அந்த இடத்தில், "பெத்தவன் வளக்கமாட்டானாக்கும்" என்று சத்தமாகவே கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் உஸ் என்றார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த ஆச்சி கட்சிதான். புதுசாகக் கல்யாணம் ஆன ரகுவின் நிலைமையை யாராவது யோசித்திருக்கிறீர்களா? அவனையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்ரீதர் இதை எடுத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். அவர் இயக்கிய முதல் படம். அந்த வயசில் இப்படி ஒரு முடிவு வைக்கத் துணிச்சல் வேண்டும். கல்யாணம் முடிந்து எல்லாரும் வாழ்த்தி வணக்கம் போட்டிருக்கலாம். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது யாருக்கும் நிம்மதி இல்லாமல் அனுப்பினார். பிறகு தெலுங்கில் "பெல்லி கானுக", இந்தியில் "நஸ்ரானா" என்று அவரே எடுத்தார். தமிழில் குழந்தையைப் பரிசாக வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரராக நடித்த நாகேஸ்வரராவ், தெலுங்கில் அதைக் கொடுக்கிறவர். இந்தியில் ராஜ்கபூர் நாயகன், நம் ஜெமினி கௌரவ வேடம். மூன்று பாஷையிலும் தலைப்பில் காணிக்கை, பரிசு என்றே வருகிறது. அந்தப் பரிசு உயிருள்ள ஒரு பிள்ளை என்பதுதான் படத்தின் குத்தல்.

தங்கவேலு காமெடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தம்பிமார் கோபித்துக்கொள்வார்கள். மன்னார் அண்ட் கம்பெனி, எழுத்தாளர் பைரவன் என்று பெண்டாட்டியிடம் அவர் அவிழ்த்துவிடும் புளுகை நம் வீடுகளில் இன்னும் பேசிக்காட்டுகிறோம். ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கேயும் வீட்டுக்குள் ஒருத்தர் இன்னொருத்தரிடம் உண்மையை மறைப்பதுதான் கதை. அந்தப் பொய் வெளியே வந்தது, சண்டை நடந்தது, நாம் சிரித்தோம், குடித்தனம் தப்பித்தது. அக்கா தங்கச்சி கதையில் மறைத்தது வெளியே வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஸ்ரீதர் தெரிந்துதான் இரண்டையும் ஒரே படத்தில் வைத்தார் என்பது என் எண்ணம்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்தப் படத்தில் உயிர் அங்கேதான்.

ஏ.எம். ராஜா தமிழில் இசையமைப்பாளராக வந்த முதல் படம் இது. பாட்டெல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அதே 1959 அக்டோபரில், படம் வந்து ஆறே மாதத்தில், இருபத்தொன்பது வயசில் போய்ச்சேர்ந்தார். பொதுவுடைமைப் பாட்டு எழுதியவர் என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் இந்தப் படத்தைக் கேட்கவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அகராதி வேண்டாத தமிழ். அந்தச் சின்னச் சின்ன வார்த்தைகளுக்குள் ஒரு வீட்டின் சந்தோஷம், பொறாமை, ஏமாற்றம் எல்லாம் அடங்கிவிடும்.

ராஜாவின் குரல் சத்தம் போடாத குரல். அந்தக் காலத்தில் மேடையில் கத்திப் பாடினால்தான் பாட்டு என்று இருந்தது. இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறமாதிரி பாடினார். வாத்தியங்களும் அப்படித்தான், குரலை மூடாமல் விலகி நிற்கும். சைக்கிள் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் சுசீலாம்மாவும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதில் எங்கேயும் விரசம் கிடையாது. எங்கள் காலத்தில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்ட பெண்பிள்ளைகள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அண்ணன் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்தோம். சேரன்மாதேவி ரோட்டில் விழுந்து முட்டி பெயர்ந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

நான் சொல்ல வந்தது தீபாவளிப் பாட்டைப் பற்றி. அது இரண்டு தடவை வருகிறது. முதலில் சுசீலாம்மா குரலில், மத்தாப்பும் சிரிப்புமாக. பிறகு அதே மெட்டு ராஜாவின் குரலில், துக்கமாக. சோகத்துக்கென்று வேறு மெட்டு தேடவில்லை. நடையைத் தளர்த்தி, குரலை மாற்றி, வார்த்தையைக் கொஞ்சம் திருப்பிப்போட்டார்கள், அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்த அதே வீட்டில் ஒரு சாமானும் இடம் மாறாமல் துக்கம் வந்து உட்கார்ந்துகொள்வது எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அது. வீட்டில் சாவு கண்டவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டாம்.

காதல் தோல்விப் பாட்டும் இரண்டு. ஒன்று ஆண் குரல், ஒன்று பெண் குரல். பாஸ்கருக்கு அழ ஒரு பாட்டு, வசந்திக்கு அழ ஒரு பாட்டு. சாகப்போகிற அக்காவுக்கு? கீதாவுக்கென்று ஒரு சோகப்பாட்டு இல்லை. யாரும் அவளிடம் உண்மையைச் சொல்லாத மாதிரியே, யாரும் அவளுக்கு அழ ஒரு பாட்டும் கொடுக்கவில்லை. திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா, என்னால் சொல்லமுடியாது. ஆனால் கவனித்த நாளிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அடுத்து வளைகாப்புப் பாட்டு. நம் பக்கத்தில் ஐம்பது வருஷமாக அது இல்லாமல் வளைகாப்பு நடந்ததில்லை. குழாய் ஸ்பீக்கர் காலத்தில் விடியற்காலையே அது ஆரம்பித்துவிடும், இன்ன வீட்டில் இன்றைக்கு விசேஷம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். என் வளைகாப்புக்கும் போட்டார்கள். நல்ல பாட்டு, இன்னும் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் படத்தில் அதைப் பாடுகிறவள் யார்? அத்தானை விட்டுக்கொடுத்த தங்கச்சி. தான் கட்டியிருக்கவேண்டியவனின் பிள்ளையைச் சுமக்கும் அக்காவுக்குச் சிரித்துக்கொண்டே பாடுகிறாள். துள்ளலான மெட்டுக்கு அடியில் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாள் என்று தெரிந்து கேட்டால் அது வேறு பாட்டு. நாம் கதையைக் கழற்றிவைத்துவிட்டு மெட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சிரித்த முகத்தோடு வளைய வருகிற பெண்ணுக்குச் சம்மதம்தான் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அந்த மாதிரிதான் வந்தது.

ராஜா பிறகு ஸ்ரீதருக்கு "விடிவெள்ளி", "தேன்நிலவு" படங்களுக்கும் இசையமைத்தார். இலங்கை வானொலி நம் பக்கத்தில் உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும், அந்தப் பாட்டுகளெல்லாம் எங்களுக்கு மனப்பாடமானது அதில்தான். அவருடைய முடிவு நம் ஜில்லாவில் நேர்ந்தது என்பது சின்னப்பிள்ளைகளுக்குத் தெரியாது. 1989 ஏப்ரலில் கச்சேரிக்காகக் கன்னியாகுமரிப் பக்கம் போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்து இறந்துபோனார். கல்யாணப் பரிசு வெளிவந்து சரியாக முப்பது வருஷம். அப்போது மூன்று நாள் ரேடியோவில் அவர் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். வள்ளியூர் வழியாக நாகர்கோவில் போகும்போதெல்லாம் அந்தப் பிளாட்பாரத்தைப் பார்ப்பேன். அங்கே அவர் பெயரில் ஒரு பலகை வைத்தால் என்ன என்று தோன்றும். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படித்துவிட்டு யோசியுங்கள்.

நம் ஊரில் கல்யாணப் பரிசு என்றால் பாய். வெளியூரில் இருக்கிற மருமக்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிர்போலக் கிழித்து, பட்டு மாதிரி நெய்வார்கள். அதில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பாயிலேயே நெய்து வரும். என் சிநேகிதி வீட்டில் தலைமுறையாக இதுதான் தொழில். கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுக்கப் போனால் அவள் முதலில் கேட்பது இரண்டு பெயரையும்தான். வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ளமாட்டாள், எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருதடவை ஒருவர் மாப்பிள்ளை பெயரை மட்டும் சொல்லிவிட்டு, பெண்ணு பேரு அப்புறம் சொல்றேன், நீ ஆரம்பி என்றார். "ரெண்டு பேரும் தெரியாம நான் எப்படிங்கய்யா நெய்ய" என்று அவள் காசை வாங்கவில்லை. பாய்க்கு இருக்கிற இந்த நியாயம் கல்யாணத்துக்கு இருக்கவேண்டாமா? நான் சொன்ன வீட்டில் ஜாதகம் பார்த்தாயிற்று, தேதி யோசித்தாயிற்று. அந்தப் பிள்ளையை உட்காரவைத்து உனக்கு என்னம்மா தோணுது என்று ஒருத்தர் கேட்டதாகக் காணோம்.

பெரியவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் குழந்தையைப் பார்ப்பாளா? பேத்தியை ஆச்சி கண்ணில் காட்டுவார்களா? போட்ட நகை, கொடுத்த நிலம் என்ன ஆகும்? மகளைப் பறிகொடுத்தவர்களுக்குக் குழந்தையும் கையைவிட்டுப் போய்விடும் என்ற நடுக்கம் இருக்கத்தான் செய்யும். இப்படி நடந்து நன்றாக வாழ்ந்த குடும்பமும் எனக்குத் தெரியும். நம் உறவிலேயே ஒரு மதினி அக்கா பிள்ளைகள் இரண்டையும் தன் பிள்ளை ஒன்றையும் வேறுபாடு தெரியாமல் வளர்த்தாள். ஆனால் அங்கே அவளாக வந்து, நானே அத்தானைக் கட்டிக்கிடுதேன் என்று சொன்னாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அவள் அப்பா ஒரு வார்த்தை கடிந்திருக்கமாட்டார். எனக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மாட்டேன் என்று சொன்னால் வீட்டில் சோறு இறங்காது, அம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்ற நிலைமையில் ஒரு பெண் சொல்லும் சரி என்பதை நான் சரி என்று எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இறந்த மனைவியின் தங்கையைக் கட்டக்கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. பல வருஷம் பாராளுமன்றத்தில் வாதாடி, 1907இல்தான் அனுமதித்தார்கள். கட்டிக்கொள்கிறோம் என்று இரண்டு பேரும் நின்றபோது அங்கே தடுத்தார்கள். இங்கே ஒருத்தி தயங்கி நிற்கும்போது பிடித்துத் தள்ளுகிறோம். இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லாரும் பேசுகிறார்கள்.

குழந்தைக்கு இப்போது வேண்டியது என்ன? சாப்பாடு ஊட்ட, தூங்கவைக்க, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆள். அதற்கு அப்பன் இருக்கிறான், இரண்டு ஆச்சிமார் இருக்கிறார்கள். சித்தி சித்தியாகவே இருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்குக் கல்யாணமாகிப் போனபிறகும் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் படித்த பையன்களில் பெண்டாட்டியை இழந்து, தலைபின்னக் கற்றுக்கொண்டு, மகளை ஸ்கூலுக்கு அனுப்பிய ஒருவன் உண்டு. முதல் மாதம் பின்னல் கோணல்மாணலாக இருந்தது. பிள்ளை அதோடேதான் வந்தாள், நன்றாகத்தான் படித்தாள். நகைக்கும் நிலத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. அதற்கு ஒரு பெண்ணைப் பிணை வைக்கவேண்டியதில்லை.

பட்டியல் முடிந்தது என்று நினைக்காதீர்கள், அந்த அத்தான்காரனிடமும் யாரும் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தெரிகிறது. பெண்டாட்டி போய் வருஷம் திரும்பியதும் திரும்பாததுமாக அவனுக்கு இன்னொரு மாலை தயாராகிறது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு, பெரியவங்க என்ன சொல்றாங்களோ என்கிறானாம். பாஸ்கரும் இப்படித்தான் சம்மதித்தான்.

குரூப்பில் கைகூப்பியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தைத் திரும்பப் பாருங்கள், யூடியூபில் இருக்கிறது. கடைசி இருபது நிமிஷத்தைத் தள்ளிவிடாமல் பாருங்கள். கீதா முகத்தை மட்டும் கவனியுங்கள். பார்த்தபிறகும் அந்தப் பிள்ளையிடம் சரோஜாதேவி மாதிரி இரு என்று சொல்லத் தோன்றினால், குரூப்பில் எழுதாமல் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். காப்பி தருகிறேன், பதிலும் தருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். போகிறேன். பெரியவர்கள் உட்காருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையோடு தனியாக அரைமணி நேரம் வேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சரி மதினி என்றிருக்கிறாள்.